அளந்து கொடுத்த இளநீர்

எங்கள் நீச்சல் குழுவின் வாட்ஸப்பில் ஆளாளுக்கு ஒரே கேள்வி. "கலா, உனக்கு இன்னாதான் ஆச்சு? எழுதிப் போடேன், நாலு பேருக்கு உதவும்." உதவுமோ உதவாதோ, எழுதிவிடுகிறேன். படித்தால் நம்பிக்கை வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். போராடி வென்ற கதை இல்லை இது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில், கட்டிலில் சாய்ந்தபடி, மூச்சு வாங்காத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாண்டிக்குப் பக்கத்தில் கரிக்கலாம்பாக்கம். வயது நாற்பத்திரண்டு. பால் சொசைட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஏழுமலை, என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். கொஞ்சம் நெல் நிலம், வரப்பு ஓரமாக ஒரு வரிசை தென்னை, அதுதான் அவர் உலகம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஏக்கத்தில்தான் இவள் போய்த் தண்ணீரில் விழுகிறாள் என்று ஊரில் பேசினார்கள். அப்படியெல்லாம் இல்லை. எனக்கு நீந்தப் பிடிக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மெடல் வாங்கியவள், கல்யாணமானதும் விட்டேன், முப்பத்தைந்துக்கு மேல் மறுபடி பிடித்துக்கொண்டேன். எங்கள் வயதுக்காரர்களுக்கென்று தனியாகப் போட்டிகள் நடக்கின்றன என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

என்னை வண்டியில் கூட்டிப்போய் விட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லவாட்டுக் கடற்கரையில் தெரிந்தவர் படகைப் பிடித்து நான் கடலில் நீந்தும்போது பக்கத்திலேயே வந்தது, எல்லாம் மாமாதான். அவருக்கு ஒரு கை நீச்சல்கூடத் தெரியாது. கரையேறியதும் ஒரு இளநீரைச் சீவி நீட்டுவார். எங்கள் மரத்து இளநீர். நான் குடித்து முடிக்கும் வரை வேறெங்கோ பார்ப்பதுபோல் நிற்பார். அன்பு, பாராட்டு, அக்கறை என்று அவருக்குத் தெரிந்த பாஷை எல்லாம் அந்த இளநீர்தான்.

இனி நீந்துகிறவர்களுக்கு. மைலேஜ் என்று நாம் சொல்வது வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு தூரம் நீந்துகிறோம் என்பது. நீண்ட தூரப் போட்டிக்காரர்களுக்கு அதுதான் சோறு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், நடுவில் ஒரு வாரம் இறக்கிக் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வருஷம் அறுவடையும் ஒரு காய்ச்சலும் சேர்ந்து என் பயிற்சியில் பல வாரங்களைத் தின்றுவிட்டன. போட்டி ஜூனில். நான் பயிற்சி செய்வது வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தில். மே மாதம் காலையும் மாலையும் பிள்ளைகளுக்குக் கோடை முகாம். எனக்குக் கிடைத்தது நட்டநடு மதியம்.

அக்னி நட்சத்திரத்தில் திறந்தவெளிக் குளம் எப்படி இருக்கும்? குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி இருந்தது. அதில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று தூரத்தை ஒரேயடியாக ஏற்றினேன். தண்ணீருக்குள் இருப்பவளுக்கு வேர்ப்பது தெரியாது. தாகமும் தெரியாது. சுற்றிலும் தண்ணீர் இருக்க உடம்பு உள்ளே காய்ந்துகொண்டிருந்தது. தோள்வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் இறங்கினேன். வாரக் கடைசியில் குழுவில் தூரத்தைப் போட்டதும் கைதட்டல் படங்களாகக் குவிந்தன. அந்தச் சந்தோஷத்துக்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு காலையில் தலை வாரக் கையைத் தூக்கினேன், தூக்க முடியவில்லை. இரண்டு கையும் வீங்கி, ஜாக்கெட் கை இறுகிக் கிடந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மாமாவிடம் சொன்னேன்.

"சூடு புடிச்சிக்கினு கீதுடி. வெயில்ல கெடந்தா இன்னா ஆவும்?" என்று மரமேறுகிறவரைத் தேடிப் போனார். அன்று முழுக்க இளநீர், மோர், வெந்தயம். மறுநாள் சிறுநீரே இல்லை.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் என் கையை அமுக்கிப் பார்த்தார், நிறத்தைக் கேட்டார், உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஆம்புலன்ஸ் சொல்றேன், பாண்டிக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கற்றுக்கொள்வது காத்திருக்க. ரத்தம் எடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, முடிவு வாங்க ஒரு வரிசை. தூக்குவாளியும் பாயுமாக ஜனம் நடைபாதையெல்லாம் குடித்தனம் நடத்தியது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் என்ன வியாதி என்று கேட்டார்கள். "நீஞ்சினேன், அதான்" என்றால் நம்புவார் இல்லை. ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "தண்ணில வுழுந்துட்டியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

நடந்தது இதுதான். அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை உடையும். உடைந்த தசையிலிருந்து கசியும் கசடு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் போய் அடைத்துக்கொள்ளும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால், மேலே வலி மாத்திரையும் போட்டிருந்தால், சிறுநீரகம் படுத்துவிடும். எனக்கு மூன்றும் சேர்ந்திருந்தது. ரத்தத்தை வடிகட்ட ஆள் இல்லாததால் மெஷின் வடிகட்ட வேண்டும். அதற்காகக் கழுத்து நரம்பில் ஒரு குழாயைச் செருகித் தைத்தார்கள். அதுதான் டயாலிசிஸ்.

எங்கள் டாக்டர் இளவயதுப் பெண், பொறுமைசாலி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "பயப்படாதீங்க கலாம்மா. உங்க கிட்னி கெட்டுப்போகல, மயங்கிக் கெடக்குது. பல பேருக்கு சில வாரத்துல முழிச்சிக்கும். யூரின் வர ஆரம்பிச்சா குழாயை எடுத்துடலாம். குழாய் இருக்கிற வரைக்கும் கழுத்துல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"அப்புறம் நீஞ்சலாமா?"

"கிட்னி முழிக்கட்டும். நீஞ்சலாம்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் அங்கே கிடந்தேன். மற்றதெல்லாம் நரகம். சிறுநீர் இறங்காதவளுக்குத் தண்ணீர் உள்ளே போனால் நுரையீரலில் தேங்கும் என்பதால் குடிப்பதற்கும் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய தம்ளருக்கு மேல் கூடாது, அதிலும் மருந்து விழுங்குவது அடக்கம். நாக்கு மரக்கட்டையாக இருந்தது. கண்ணை மூடினால் குளம் தெரிந்தது. நீந்துவதாக அல்ல, அதைக் குடிப்பதாக. மெஷினில் படுத்திருக்கும்போது குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போடும். செத்துப்போனால்கூடத் தேவலை என்று எனக்கு அங்கேதான் முதலில் தோன்றியது.

என் நாத்தனார் அமுதாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதகடிப்பட்டில் துணிக்கடை வைத்திருக்கிறாள். நீச்சல் உடையோடு நான் நிற்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அண்ணி, மானம் போவுது எங்களுக்கு" என்று ரொம்ப நாள் பேசாமல் இருந்தவள். அவள்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து எனக்குத் தலை வாரிவிட்டாள். என் பையில் நனைந்தபடியே கிடந்து நாறிப்போன அந்த நீச்சல் உடையைத் துவைத்து, காயவைத்து, மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். "வூட்டுக்குப் போவும்போது எடுத்துக்கினு போவணும் இல்ல?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள், பிறகு யாரோ கடன் சொல்லிப் போன புடவையைப் பற்றித் திட்ட ஆரம்பித்தாள்.

வைத்தியம் அங்கே இலவசம் என்றாலும் வெளியில் வாங்கும் ஊசிகளும் போக்குவரத்தும் சும்மா வருமா? எதை விற்றார், யாரிடம் கேட்டார் என்று மாமா என்னிடம் மூச்சுவிடவில்லை. அவர் எனக்குக் காட்டியதெல்லாம் தண்ணீர்க் கணக்குதான். பூச்சி மருந்தை மூடியில் அளந்து கலக்குகிறவர் அவர், ஒரு சொட்டு கூடினால் பயிர் கருகும் என்று தெரிந்தவர். எனக்குக் கொடுக்கும் தண்ணீரையும் அப்படித்தான் மருந்து மூடியால் அளந்தார். நான் கெஞ்சினாலும் ஒரு மூடி கூடக் கொடுக்கமாட்டார். கோபத்தில் ஒருநாள் தம்ளரைத் தட்டிவிட்டேன். கீழே சிந்தியதைத் துடைத்துவிட்டு, சிந்தியதற்குப் பதிலாக அதே அளவு மறுபடி ஊற்றிக் கொடுத்தார்.

சாப்பாட்டுக்கும் கட்டுப்பாடு இருந்தது. வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, ஜூஸ் கூடாது, கீரைத்தண்ணி கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது, நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், படுத்துவிட்ட சிறுநீரகத்தால் முடியாது, ஏறினால் இதயத்தைப் பிடிக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். தலையை ஆட்டினோம். ஆட்டத்தான் செய்தோம்.

பிறகு ஒரு நாள் காலையில், கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையில் சிறுநீர் விழுந்திருந்தது. கொஞ்சம்தான். மறுநாள் அதைவிட அதிகம், அதற்கு மறுநாள் இன்னும் அதிகம். பையைத் தூக்கிப் பார்த்த நர்ஸ், "கலாக்கா, உங்க கிட்னி கண்ணு தொறந்துடுச்சி!" என்று வார்டே கேட்கக் கத்தினாள். டாக்டர் வந்து பார்த்தார், சிரித்தார். அடுத்த வாரம் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பை மூத்திரத்துக்கு இப்படி ஒரு திருவிழா எங்கும் நடந்திருக்காது.

அன்று மாமா ஊருக்குப் போய்த் துணி எடுத்துவரக் கிளம்பினார். மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார்.

"மூடியில அளந்துதான் தரப்போறேன். கணக்கு அதே கணக்குதான். அந்தக் கொழாத்தண்ணிக்கு பதிலா இது. நம்ம மரத்துது, வெடியக்காலையில வெட்டினது. கண்ணு தொறந்திருக்கற நேரத்துல குளுமையா உள்ள போவட்டும்."

எனக்கும் சந்தேகம் வரவில்லை. இளநீர் ஜூஸா என்ன? பழமா? தண்ணீரும் இல்லை, சாப்பாடும் இல்லை, அது இளநீர். அம்மை கண்டவர்களுக்கே கொடுப்பது. அவர் தம்ளரில் அளந்து ஊற்றினார், நான் கண்ணை மூடிக் குடித்தேன். எவ்வளவு நாளைக்கப்புறம் நாக்கில் ஒரு ருசி! அன்றைய தண்ணீர்க் கணக்கு முழுவதையும், காலையும் மதியமும், மீதி வைக்காமல் இளநீராகவே கொடுத்தார். ஒரு மூடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வழக்கம்போல நான் குடித்து முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் உதடு மரத்தது. கால் கனத்தது. "மாமா, கை தூக்க வரல" என்றேன். அவர் ஏதோ கேட்டார். அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தது தீவிர சிகிச்சைப் பிரிவில். தொண்டையில் குழாய், நெஞ்செலும்பெல்லாம் வலி. என் இதயம் நின்றுபோய் அமுக்கி அமுக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். பேச முடிந்ததும் டாக்டர் தனியாக வந்து கேட்டார். "பொட்டாசியம் திடீர்னு ஏறிடுச்சி கலாம்மா. அன்னிக்கு வேற ஏதாவது குடிச்சீங்களா?"

சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழத்தைவிட இளநீரில்தான் பொட்டாசியம் அதிகம் என்று விளக்கினார்.

"இப்ப சரியாயிடுச்சி இல்லீங்களா? கொழாய எடுத்துடலாம் இல்ல?"

"இதயம் நின்ன நேரத்துல கிட்னிக்கு ரத்தம் போகல. முழிச்சிக்கிட்டு இருந்த கிட்னி. அது மறுபடி அடிபட்டிருக்கு. திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."

நான் முதலில் கேட்டது ஒன்றுதான். "இத எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லாதீங்க டாக்டர்."

மறுபடி கொடுத்துவிடுவாரே என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாமா உள்ளே வந்தபோது, "இனிமே எளநீ வேணாமாம் மாமா, எனக்குச் சளி கட்டுதாம்" என்றேன். "சரிடி" என்றார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அப்பாவி மனுஷன், நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கோபம் இல்லாமல் இல்லை. சில நாள் அவர் கை என் தோளில் படும்போது தட்டிவிடத் தோன்றியது. அதே கையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொள்ளவும் தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் செத்துப்போவார், அவ்வளவுதான்.

பை காலியாகவே இருந்தது. தினமும் காலையில் நர்ஸ் வந்து பார்ப்பாள், அட்டையில் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். சிறுநீரகம் அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. மழைக்காலம் வந்து பாகூர் ஏரி நிரம்பிவிட்டது என்று அமுதா சொன்ன அன்று, டாக்டர் என்னை உட்காரவைத்து இனி காத்திருப்பதில் அர்த்தமில்லை என்றார். கழுத்துக் குழாய்க்குப் பதிலாக, இடது மணிக்கட்டில் இரண்டு ரத்த நரம்புகளைச் சேர்த்துத் தைத்தார்கள். நரம்பு பருத்து, ஊசி போட வாகாக இருப்பதற்காக. தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். வாரத்தில் மூன்று நாள் அதில்தான் ஊசி.

ஆயுசுக்கும் இப்படித்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறோம், அந்த வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. மாமா தன்னுடையதைத் தருகிறேன் என்று நின்றார், ரத்தம் சேரவில்லை. நீந்தலாமா என்று கேட்டேன். புண் ஆறினதும் ஆழமில்லாத இடத்தில் இறங்கி நிற்கலாம், அந்தக் கையால் இழுக்கக் கூடாது என்றார்கள். இறங்கி நிற்பதற்குப் பெயர் நீச்சல் இல்லை. எப்படியும் நாலு படி ஏறினால் எனக்கு இரைக்கிறது. மடித்து வைத்த அந்த உடையை அமுதாவிடமே கொடுத்துவிட்டேன்.

போன வாரம் டயாலிசிஸ் முடிந்து நர்ஸ் ஊசியைப் பிடுங்கியதும், ரத்தம் நிற்பதற்காக மாமா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க் கட்டிலில் புதிதாக ஒரு பையன், கரும்பு வெட்டப் போகிறவன், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவன் பெண்டாட்டி கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மங்கலான வெள்ளைத் தண்ணீர். "எளநீய்யா, சூட்டுக்கு நல்லது. டம்ளர்ல அளந்துதான் தரேன்" என்று ஊற்றப்போனாள்.

மாமா என் கையை விட்டுவிட்டு எழுந்து ஓடினார். என் மணிக்கட்டிலிருந்து ரத்தம் பீறிட்டு நர்ஸ் பாய்ந்து வந்து அழுத்தினாள். அவர் அந்தப் பெண் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். யாரையும் அதட்டிப் பேசியறியாத மனுஷன் வார்டு நடுவில் நின்று கத்தினார்.

"குடுக்காதம்மா! வாணாம்மா! நானும் இப்டித்தான் அளந்து குடுத்தேன். நான் குடுத்துதான் இவ நெஞ்சு நின்னுச்சு. எழுந்து வரப்போன கிட்னிய நான்தான்மா சாவடிச்சேன்!"

அந்தப் பெண் பயந்து அழுதாள். நர்ஸ்தான் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். மாமா திரும்பி வந்து உட்கார்ந்து, எதுவும் நடக்காததுபோலப் பஞ்சை வாங்கி மறுபடி அழுத்திப் பிடித்தார்.

"யாரு மாமா சொன்னது உங்களுக்கு?" என்றேன்.

"யாரும் தானா வந்து சொல்லல." என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சளி புடிக்கும்னு நீ சொன்னியே, அப்பவே தெரியும். நீ வுழுந்தப்ப என் கையில அந்த பிளாஸ்குதான் இருந்துச்சி. மறுநா வெளிய ஒருத்தருகிட்ட கேட்டேன், எளநீல இன்னா இருக்குதுன்னு."

இத்தனை மாதமும் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவரும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே வண்டியில், இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம். "அதனால இல்ல மாமா" என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊசி குத்தாத கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் நிற்க அன்று வெகுநேரம் ஆனது.